குளிர்காலத்தில் தெளித்த ரசாயனம், கோடையில் இளகும் தார்

சாலைப் பொருள்களைச் சோதிக்கும் பணியில் இருக்கிறேன். பனி நீக்கும் ரசாயனம் தார்ப்பரப்பைக் கெடுத்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் குளிர்காலம் முடிந்த கையோடு பார்த்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். கோடை முடிந்த பிறகு பார்க்க வேண்டும்.

வட ஐரோப்பாவின் நோர்டிக் நாடுகளில் விமான நிலையங்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டன. விமானத்தின் உலோகத்தை அரிக்கும் என்பதால் ஓடுபாதையில் பனியை உருக்க உப்பு போட முடியாது. யூரியா போட்டார்கள், அதன் நைட்ரஜன் நீர்நிலைகளைக் கெடுத்தது. எனவே 1990களில் பொட்டாசியம் அசிட்டேட், பொட்டாசியம் ஃபார்மேட் கரைசல்களுக்கு மாறினார்கள். சுற்றுச்சூழல் நோக்கில் சரியான முடிவுதான். ஆனால் சில ஓடுபாதைகளில் தார் இளகி, ஜல்லி பிடிப்பிழந்து பெயரத் தொடங்கியது. பெயர்ந்த ஒரு கல் போதும், ஜெட் எஞ்சினுக்குள் போய் அங்கே சுழலும் தகடுகளைச் சிதைக்க.

இந்தக் கரைசல்கள் காரத்தன்மை உள்ளவை. தாரிலுள்ள அமிலக் கூறுகளோடு சேரும்போது சோப்புபோல வேலை செய்து, தாரை நுண்துளிகளாகப் பிரித்து நீரில் கலக்க விடுகின்றன. ஈரத்தை ஈர்ப்பதால் துளைகளுக்குள் எளிதில் உலர்வதும் இல்லை. குளிரில் தார் இறுகிக் கிடப்பதால் சேதம் வெளிப்படாது. வெயில் ஏறித் தார் இளகும்போது, ஈரமும் எஞ்சிய ரசாயனமும் விமானச் சக்கரங்களின் அழுத்தமும் ஒன்றுசேர்கின்றன, இழுவலிமை (பிய்த்து இழுத்தால் தாங்கும் வலிமை) சரிகிறது. மேற்பரப்பு நன்றாகத் தெரியும்போதே உள்ளே பிணைப்பு போயிருக்கலாம்.

நெடுஞ்சாலை உப்பு தாரை இப்படிக் கரைப்பதில்லை. அங்கே முதல் எதிரி, துளைகளில் தங்கி உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரியும் நீர்தான்.

ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 12697-41 மாதிரிகளை 40 டிகிரி செல்சியஸில் 70 நாள்கள் கரைசலில் ஊறவைத்து, பிறகு பரப்பின் இழுவலிமையை அளக்கச் சொல்கிறது. அந்த வெப்பமும் அந்த நாள்களும் காரணத்தோடுதான் வைக்கப்பட்டுள்ளன. குளிர்ந்த கரைசலில் சில நாள் ஊறவைத்துவிட்டு, "பாதிப்பில்லை" என்று எழுதும் அறிக்கையை ஏற்காதீர்கள்.

காற்றிடைவெளி குறைந்த நெருக்கமான கலவை, பாலிமர் சேர்த்த தார், காரத்தன்மையுள்ள உறுதியான ஜல்லி ஆகியவை தாக்குப்பிடிக்கின்றன. இவற்றில் இடைவெளியைக் குறைப்பதையே நான் முதலில் வலியுறுத்துவேன். கரைசல் உள்ளே போகாவிட்டால் மற்றவை பின்னால்தான்.

பழைய பரப்பின்மேல் புதிய அடுக்கு போடும்போது இன்னும் கவனம் வேண்டும். சூடான கலவையின் வெப்பம், கீழே தேங்கியிருக்கும் ரசாயனத்துக்குக் கோடை வெயிலைவிடக் கடுமையான சூட்டைக் கொடுக்கும். பழைய அடுக்கிலிருந்து துளைத்தெடுத்த மாதிரியில் ஃபார்மேட்டோ அசிட்டேட்டோ எஞ்சியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். அதிகம் இருந்தால் அந்த அடுக்கைச் சுரண்டி எடுத்துவிடுவதே சரி.