பரேவே என்றால் பால் அறவே இல்லை என்று அர்த்தமா?

சில சாக்லேட் உறைகளின் பின்பக்கம் வட்டத்துக்குள் ‘யூ’ என்ற எழுத்து இருக்கும். யூதர்களின் உணவு விதியான கோஷர்படி சான்று பெற்றது என்பதற்கான முத்திரை அது. அதை ஒட்டிப் பொடியாக ஒரு ‘டி’ இருந்தால் பால் சேர்ந்தது என்று பொருள். கோஷர் பார்க்கும் யூதக் குடும்பத்தில் இறைச்சிச் சாப்பாட்டோடு அதைச் சாப்பிட மாட்டார்கள். இறைச்சி சாப்பிட்டு முடித்த பிறகும் பலர் 6 மணி நேரம் காத்திருப்பார்கள். ஜெர்மன் வழக்கில் 3 மணி, டச்சு வழக்கில் 1 மணி. “குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே” என்று யூதர்களின் வேதமான தோராவில் மூன்று இடங்களில் வரும் கட்டளையிலிருந்து விரிந்த சட்டம் இது. அதனால்தான் இறைச்சி விருந்துக்குப் பின் வரும் கேக்கும் ஐஸ்கிரீமும் பாலோ இறைச்சியோ சேராத ‘பரேவே’ வகையாக இருக்கும்.

அந்தப் பரேவே முத்திரையை நம்பிச் சிலர் பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இனிப்பு வாங்கித் தருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

டார்க் சாக்லேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கோகோ, கோகோ வெண்ணெய், சர்க்கரை, லெசித்தின். பட்டியலில் பால் கிடையாது. ஆனால் மில்க் சாக்லேட் ஓடிய அதே குழாயில்தான் பல ஆலைகளில் இதுவும் ஓடுகிறது. உலோகப் பாத்திரம் என்றால் 24 மணி நேரம் சும்மா போட்டுவைத்து, கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்துக் கோஷர் விதிப்படி சரிசெய்யலாம். சாக்லேட் இயந்திரத்தில் தண்ணீரே ஆகாது. கொஞ்சம் ஈரம் தங்கினாலும் சர்க்கரை அதை இழுத்துக்கொள்ளும், ஓடிக்கொண்டிருக்கிற சாக்லேட் கட்டிதட்டி இறுகிவிடும். எனவே சூடான கோகோ வெண்ணெயையோ அடுத்த சாக்லேட்டையோ விட்டுத் தள்ளித்தான் சுத்தம் செய்கிறார்கள். பம்பிலும் வால்விலும் குழாய் வளைவிலும் பழையது ஒட்டிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட சரக்குக்குச் சில சான்று அமைப்புகள் பால் ஓடிய இயந்திரம் என்பதற்கு ‘டி.ஈ.’ போடும், சில வெறும் ‘டி’ போட்டுவிடும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். தவறி விழுந்த பால் 1 பங்கு, மற்றது 60 பங்கு என்றால் அந்தப் பால் கணக்கில் இல்லை என்பது கோஷர் சட்டம். வேண்டுமென்றே கலக்க அனுமதி இல்லை, தவறி விழுந்ததற்குத்தான் இந்த விலக்கு. ஒரு லிட்டருக்குச் சுமார் 16 மில்லி வரை போகும் கணக்கு இது. மத நோக்கில் அது முறையானதே. ஒவ்வாமை தூண்ட சில மில்லிகிராம் பால் புரதமே போதும் என்பவர்களுக்கு அது ஆபத்து. அவர்கள் பார்க்க வேண்டியது ஒவ்வாமை எச்சரிக்கை வரியை.

நேர்மாறாகவும் நடக்கும். அமெரிக்காவில் ‘நான்-டெய்ரி’ என்று விற்கும் காபி கிரீமரில் சோடியம் கேசினேட் இருக்கலாம். அது பாலின் புரதம். அங்கே கோஷர் முத்திரையின் ‘டி’ உண்மையைச் சொல்லிவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரேவே நம் ஊர்ப் பச்சைப் புள்ளி அல்ல. முட்டையும் மீனும் பரேவேதான். கோஷர் மார்ஷ்மெல்லோவில் மீன் ஜெலட்டின் சேர்ப்பது சாதாரணம். அகர் அகர், பெக்டின் என்று இருந்தால் தாவரம். வெறும் ‘ஜெலட்டின்’ என்றால் எதிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். பூச்சியிலிருந்து எடுக்கும் இ120 சிவப்பு நிறம் மட்டும் கோஷர் முத்திரை உள்ள மிட்டாயில் இருக்காது, அதைச் சட்டம் ஏற்பதில்லை.

வட்டமோ வேறு அடையாளமோ இல்லாமல் வெறும் ‘கே’ எழுத்து மட்டும் இருந்தால், சான்று தந்தது யார் என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். வெறும் ‘கே’ எந்த ஒரு சான்று அமைப்புக்கும் மட்டும் சொந்தமான முத்திரை அல்ல என்பதால் அதை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.