மண்ணெண்ணெய், சீமெண்ணெய், கிருஷ்ணாயில்

தமிழக எல்லையான களியக்காவிளையைத் தாண்டி கேரளத்தின் பாறசாலைக்குள் நுழைந்தால் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். மண்ணெண்ணெய் அவ்வளவாக மாறாது. கடைசி 'ணெய்'யை 'ண' ஆக்கிக்கொண்டு 'மண்ணெண்ண' என்று மலையாளத்தில் நிற்கும். ஆந்திர எல்லையில் கதை வேறு. நகரி, புத்தூர்ப் பக்கம் தெலுங்கில் 'கிரசனாயிலு'. தமிழ் வாயில் அதுவே 'கிருஷ்ணாயில்'. கண்ணனுக்கு இதில் பங்கில்லை. 'கெரசின் ஆயில்' வாயில் உருண்டு அப்படி ஆயிற்று.

கெரசின் என்று பெயர் வைத்தவர் கனடாக்காரரான ஆபிரகாம் கெஸ்னர். 1854இல் காப்புரிமை பெற்றார். கிரேக்கத்தில் 'கெரோஸ்' என்றால் மெழுகு. நம்மவர்கள் மெழுகைப் பார்க்கவில்லை, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள்: மண் + எண்ணெய். எண்ணெயே எள் + நெய்தான். ஆக, எள்ளும் நெய்யும் இல்லாத ஒன்றுக்குள் இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன! பெட்ரோலுக்குச் சொல்லிப் பார்த்த 'கன்னெய்' (கல் + நெய்) பங்க் வரை போகவில்லை. மண்ணெண்ணெய் அடுப்படி வரை வந்துவிட்டது.

சீமெண்ணெய் என்பது சீமை எண்ணெய். சீமை என்றால் முதலில் எல்லை, பிறகு நாடு, அப்புறம் வெள்ளைக்காரன் நாடு. கப்பலில் வந்த சரக்கு என்பதால் இந்தப் பெயர். அது வந்த 4 காலன் தகர டின், சுமார் 18 லிட்டர், தீர்ந்த பிறகு தண்ணீர் சுமக்கவும் அரிசி கொட்டி வைக்கவும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ரேஷனில் வருவது நீலம், வெளிச்சந்தையில் வெள்ளை. மானியச் சரக்கு டீசலில் கலந்தால் தெரியட்டும் என்றுதான் அந்தச் சாயம். எங்கள் ரேஷன் கடையில் அளவுக் குவளையில் ஊற்றியதும், "நுரை அடங்கட்டும் அண்ணாச்சி" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். நுரையும் காசுதானே.

கேரளக் கடற்கரையில் படகின் வெளிப்பொருத்து எஞ்சினை பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மீனவர்களுக்கு அரசு பர்மிட்டில் கிடைப்பது போதாது. அதனால்தான் தமிழ்நாட்டு ரேஷன் நீலம் கேரளத்துக்குக் கடத்தும்போது கேன் கேனாகச் சோதனைச்சாவடியில் பிடிபட்ட செய்திகள் இந்தப் பக்கம் வழக்கமாயின.

கிருஷ்ணாயிலைப் பேச்சில் விட்டுவிடலாம். எழுத்துக்கு மண்ணெண்ணெய்தான், 'மண்ணெண்ணை' அல்ல. நெய் 'நை' ஆகாது.