துலக்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

போன மாதம் ஒருவர் துணிப்பையோடு வந்தார். திருச்செந்தூர்ப் பக்கத்தில் தாத்தா வீட்டைப் பிரித்தபோது பரணில் கிடைத்ததாம். இரண்டு மரத்தண்டுகள், ஒரு முனையில் சேர்த்துக் கட்டியவை. கூடவே ஒரு மண் கலயம். "பாம்பு பிடிக்கிற இடுக்கியா சார்?" என்று கேட்டார். மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்திருந்தார். கலயத்தைத் தேங்காய் நாரால் பளிச்சென்று துலக்கியிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அது பனையேறியின் கடிப்பு. பாளையை அதன் நடுவே கொடுத்து நசுக்கிப் பக்குவப்படுத்திய பிறகு, காலையும் மாலையும் மரமேறி, பாளை அரிவாளால் நுனியைச் சீவிவிடுவார்கள். சொட்டும் சாறு கலயத்தில் இறங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது, பதநீராக நிற்கும். தடவாவிட்டால் கள்.

"கலயத்துக்குள் வெள்ளையாக ஏதாவது படிந்திருந்ததா?"

"ஆமாம் சார், அதைச் சுரண்டத்தான் அரை நாள் போனது."

தாத்தா இறக்கியது பதநீர் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தச் சுண்ணாம்பு.

பழம்பொருள்களைப் பேணிப் பாதுகாப்பது என் தொழில். பெயர் தெரியாத கருவி கைக்கு வந்தால் அதன் வடிவத்தை நான் உடனே நம்புவதில்லை. கைபட்டு வழவழத்த இடம் எது, தேய்ந்த விளிம்பு எது, இடுக்கில் ஒட்டியிருப்பது என்ன என்றுதான் முதலில் பார்ப்பேன். வரிசையாகத் துளையிட்ட இரும்புத் தகட்டைப் பழைய ஸ்பேனர் என்று சொல்லி ஒருவர் கொடுத்தார். துளைகள் ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே போயின. ஸ்பேனருக்கு அது எதற்கு? அது பொற்கொல்லரின் கம்பியச்சு. கம்பியைப் பெரிய துளையில் தொடங்கி ஒவ்வொன்றாக இழுக்க இழுக்க அது மெலிந்து நீளும். இன்னொரு வீட்டில் பேனாக்கத்தி என்று பத்திரப்படுத்தியிருந்தது மடக்கெழுத்தாணி. ஒரு முனை ஓலையில் எழுத, மறுமுனைக் கத்தி ஓலையை நறுக்க.

ஆகவே புளி, மண்ணெண்ணெய், கம்பி பிரஷ் எதையும் எடுக்காதீர்கள். மென்மையான உலர்ந்த தூரிகையால் மேல்தூசியை மட்டும் தட்டுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நான்கு புறமும் படமெடுங்கள். எங்கே தொங்கியது, அருகில் வேறென்ன கிடந்தது என்று எழுதிவையுங்கள். பெரும்பாலும் பாதி விடை அதிலேயே இருக்கும். ஊரில் எண்பதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் பொருளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். பெயர் மறந்தாலும் பிடிக்கும் விதம் மறக்காது. ஓர் எச்சரிக்கை: பழைய நகைப்பட்டறைப் பெட்டிகளில் முலாம் பூசப் பயன்படுத்திய பாதரசம் தங்கியிருக்கலாம், குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம்.

வந்தவர் கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார். "பரணில் ஒரு பெட்டியும் கிடக்கிறது சார். இடுப்பில் கட்டுவதுபோல் கயிறு இருக்கிறது. ஒரே அழுக்கு, அதனால் எடுக்கவில்லை."

அரிவாள் பெட்டியாக இருக்கலாம். அழுக்கோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.