பிரசவத்தின்போது பிரஷர் இருந்ததா?

சென்ற ஆண்டு 49 வயதுப் பெண் ஒருவர், கொழுப்பு அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்க வந்தார். ரத்தப் பரிசோதனை முடிவில் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாமே வரம்புக்குள் இருந்தன. பிரஷர் மட்டும் 138/88. "உங்களைப் பார்த்த பதற்றம், டாக்டர்" என்று சிரித்தார். இருக்கலாம். ஆனால் அடுத்து நான் கேட்டது அவருக்கு வியப்பாக இருந்தது.

"அம்மா, பிரசவத்தின்போது பிரஷர் இருந்ததா?"

"இரண்டாவது குழந்தைக்கு இருந்தது. எட்டாம் மாதமே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதுதான் அப்போதே சரியாகிவிட்டதே?"

அழுத்தம் இறங்கியது உண்மை, கணக்கு தீரவில்லை. கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-ஐ எட்டி, சிறுநீரில் புரதமும் இறங்கினால் அதைப் பிரீஎக்ளாம்ப்சியா என்கிறோம். அது வந்துபோன பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர ரத்த அழுத்த நோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். இதய நோய், பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பம் ரத்தக் குழாய்களைக் கெடுத்ததா, ஏற்கெனவே இருந்த பலவீனத்தைக் காட்டிக்கொடுத்ததா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை: ஆண்டுக்கு ஒருமுறையாவது அழுத்தம் பார்க்க வேண்டியவர் அவர்.

கர்ப்பகாலச் சர்க்கரையும் இப்படித்தான். பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் குளுக்கோஸ் குடித்துப் பரிசோதிக்க வேண்டும். இயல்பாக இருந்தாலும் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் தொடர வேண்டும். தடுப்பூசித் தேதியை ஒருநாள்கூடத் தவறவிடாத தாய்மார்கள் தங்கள் பரிசோதனையை மறந்துவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லிப் பயனில்லை. குழந்தை பிறந்ததும் எல்லோரும் குழந்தையைத்தான் பார்க்கிறோம், நாங்களும்தான்.

அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஊரில் 1948-இல் தொடங்கிய இதய நோய் ஆய்வு, 'ஆபத்துக் காரணி' என்ற சொல்லை 1961-இல் மருத்துவத்துக்குள் நிலைநிறுத்தியது. புகை, அழுத்தம், கொழுப்பு என்ற அந்தப் பட்டியல் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. எனக்கு உள்ள குறை ஒன்றுதான்: பட்டியல் மனப்பாடம் ஆனதும், அதில் இல்லாததைக் கேட்கும் பழக்கம் எங்களுக்குக் குறைந்துவிட்டது.

நீரிழிவு நோயாளிகளிடம் சர்க்கரை எண்ணைத்தான் முதலில் பேசுகிறோம். நான் காலணியைக் கழற்றச் சொல்வேன். ஒருவர் பாதத்தில் சிறு புண் இருந்தது. எப்படி வந்ததென்று அவருக்குத் தெரியவில்லை. ஷூவைக் கவிழ்த்தேன். ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறார். "வலியே இல்லையே, டாக்டர்" என்றார். அந்த வாக்கியத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்தினால், உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். தினமும் ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு அணியுங்கள்.

பாதத்தை மரத்துப்போகச் செய்யும் அதே நரம்புக் கேடு இதயத்தின் வலியையும் மறைக்கக்கூடும். நெடுநாள் நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு, நெஞ்சு வலியே இல்லாமல், திடீர் வியர்வையாகவோ மூச்சுத்திணறலாகவோ குமட்டலாகவோ வரலாம். "வாயுதான்" என்று படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதியவர்களிடம் காய்ச்சலை நம்பாதீர்கள். நுரையீரலில் கடும் தொற்று இருந்தும் உடல் சுடாமல் இருக்கலாம். "நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுகிறார்" என்று மகனோ மருமகளோ சொல்வதே சில சமயம் முதல் அறிகுறி. முதுமை என்றால் இப்படித்தான் என்று தள்ளிவிட்டால் இரண்டு நாள் வீணாகும். இன்னொன்று: எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் விழும் ஆபத்து அதிகம். உட்காரவைத்து மட்டும் அளந்தால் இது பிடிபடாது.

முதலில் சொன்ன பெண்ணிடம், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் காலையும் மாலையும் ஒரு வாரம் வீட்டிலேயே அளந்து எழுதிவரச் சொன்னேன். சராசரி 142/91. வீட்டில் அளக்கும்போது 135/85-க்கு மேல் என்றாலே அதிகம். பதற்றத்தின்மேல் பழி போட இனி வழியில்லை. சிகிச்சையைத் தொடங்கினோம்.

அன்று மகளையும் அழைத்து வந்திருந்தார். மகளுக்கு முதல் கர்ப்பம், பத்தாவது வாரம். தாய்க்குப் பிரீஎக்ளாம்ப்சியா இருந்திருந்தால் மகளுக்கும் வாய்ப்பு கூடும். முதல் கர்ப்பம் என்பது இன்னொரு காரணம். இப்படிப்பட்டவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன்பே தொடங்குவது பற்றி மகப்பேறு மருத்துவர் முடிவெடுப்பார். மகளின் கர்ப்பகால அட்டையை வாங்கிப் பார்த்தேன். குடும்ப வரலாறு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, அம்மாவின் இரண்டாவது பிரசவத்தைப் பற்றி ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்.