வீட்டு இணையம் மந்தமானால் முதலில் தேட வேண்டிய இடம்

வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் இணைய இணைப்பை அமைத்துக் கொடுப்பதும், அதில் கோளாறு வரும்போது சரிசெய்வதும் என் தொழில். "நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு சார், பெரிய பிளானுக்கு மாறிடலாமா?" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் கேள்வி. இந்தக் கேள்வியோடு அழைக்கும் பலருடைய வீட்டில், அவர்கள் பணம் கட்டி வாங்கிய வேகம் வாசல் வரை குறையாமல் வந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கிருந்து கணினிக்குப் போய்ச் சேருவதற்குள்தான் அது வழியில் எங்கோ தொலைந்துபோகிறது. தொலையும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் பிளானை மட்டும் உயர்த்திக்கொண்டே போவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். உழைத்துச் சம்பாதித்த பணம் இப்படி மாதந்தோறும் வீணாவதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எனக்கு வரும் புகார்களில் ஒரு பகுதி இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது. சேவை நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட் கணக்கில் சொல்கின்றன. உலாவியும் பதிவிறக்கச் செயலிகளும் பெரும்பாலும் மெகாபைட் கணக்கில் காட்டுகின்றன. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே நொடிக்கு 100 மெகாபிட் என்ற இணைப்பில் ஒரு கோப்பு நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்க வழியே இல்லை. தரவோடு சேர்ந்தே பயணிக்கும் முகவரி முதலிய விவரங்களுக்குரிய இடத்தையும் கழித்துவிட்டால், திரையில் 11 அல்லது 11.5 மெகாபைட் தெரிந்தாலே இணைப்பு செம்மையாக இருக்கிறது என்று பொருள். "நூறுன்னு சொல்லிட்டுப் பதினொண்ணுதான் குடுக்கிறாங்க" என்று ஒரு பெரியவர் என்னிடம் மிகுந்த வருத்தத்தோடு முறையிட்டார். ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது பிட்டுக்குச் சிறிய 'பி', பைட்டுக்குப் பெரிய 'பி' என்ற அந்த ஓர் எழுத்து வேறுபாட்டை அதுவரை ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

இந்தக் கணக்குப்படி பார்த்தும் வேகம் குறைவாகவே இருந்தால், அடுத்ததாக முறையாக அளந்து பார்க்க வேண்டும். படுக்கையறையில் அமர்ந்து கைப்பேசியில் வேகச் சோதனை நடத்துவதை நான் அளவீடாக எடுத்துக்கொள்வதில்லை. வெளி இணைப்பு, ரௌட்டர், சுவர்கள், வைஃபை, அந்தக் கைப்பேசியின் திறன் ஆகிய ஐந்தையும் ஒன்றாகக் கலந்து அது ஒரே எண்ணாகக் கொடுத்துவிடுகிறது. நான் செய்வது இதுதான். ஒரு மடிக்கணினியைக் கேபிள் மூலம் நேரடியாக ரௌட்டரில் இணைத்து, வீட்டிலுள்ள மற்ற கருவிகள் அனைத்தையும் வைஃபையிலிருந்து துண்டித்து, இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்திவிட்டு மூன்று முறை சோதிப்பேன். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, ரௌட்டருக்குப் பக்கத்திலேயே நின்று வைஃபையில் சோதிப்பேன். கடைசியாக, வீட்டார் வழக்கமாக அமரும் அறைக்குப் போய் அதே மடிக்கணினியில் சோதிப்பேன். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதினால், எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் பெரிய சரிவு இருக்கிறதோ அங்கேதான் கோளாறு.

கேபிளில் அளந்தபோதே எண் குறைவாக இருந்தால் எல்லாரும் உடனே சேவை நிறுவனத்தைத்தான் குற்றம் சொல்வார்கள். ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நொடிக்கு 100 மெகாபிட் பிளானிலிருந்து 300 மெகாபிட் பிளானுக்கு மாறி மூன்று மாதம் ஆகியிருந்தது. வேகச் சோதனையில் ஒவ்வொரு முறையும் 94 என்றுதான் வந்தது. காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. நெரிசலால் வேகம் குறைந்தால் எண் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும். இப்படிச் சுவரில் முட்டியதுபோல் 94, 95 என்று நின்றால், வழியில் ஏதோ ஓரிடத்தில் இணைப்பு 100 மெகாபிட்டில் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்றுதான் இருந்தது. ரௌட்டரிலிருந்து கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அலமாரியின் கால் ஒன்று அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. அந்த இடத்தில் கேபிள் தட்டையாக நசுங்கியிருந்தது. ஈதர்நெட் கேபிளுக்குள் 8 கம்பிகள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு அவற்றில் 4 போதும். 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் பல கருவிகள் இணைப்பை விட்டுவிடாமல் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடுகின்றன. இணையம் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. 1000 மெகாபிட் தாங்கும் கேட் 5இ (Cat 5e) வகைக் கேபிள் ஒன்றைப் புதிதாகப் போட்டதும் எண் 290ஐத் தாண்டியது. பழைய ரௌட்டர்கள் சிலவற்றில் கேபிள் செருகும் துளைகளே 100 மெகாபிட்டுக்குமேல் தாங்காதவை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அத்தகைய ரௌட்டரை வைத்துக்கொண்டு பெரிய பிளான் வாங்கிப் பயனில்லை.

கேபிளில் முழு வேகம் வந்து, அறையில் மட்டும் குறைந்தால் காரணம் வைஃபை. பெரும்பாலான வீடுகளில் கேபிள் எந்த மூலையில் உள்ளே நுழைகிறதோ அந்த மூலையிலேயே, பார்வைக்கு அழகாக இல்லை என்று தொலைக்காட்சிக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளேயோ ரௌட்டரை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். உலோகமும் முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சும் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும். நீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவர் இரண்டையும் செய்யும். மீன் தொட்டிக்குப் பின்னால் வைத்திருந்த ஒரு ரௌட்டரை, வீட்டின் நடுவில் திறந்த தட்டு ஒன்றில் தலை உயரத்துக்கு எடுத்து வைத்ததைத் தவிர வேறெதுவும் செய்யாமலேயே, அறையில் வேகம் மும்மடங்கானதை நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அலைவரிசை. வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் நெரிசல் மிகுந்தது. அதிலுள்ள சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் பிரித்த சிறு பாதைகள், ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை என்பதால் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே ஒன்றோடொன்று மோதாமல் இயங்கும். அடுக்குமாடிக் கட்டடத்தில் இருபது ரௌட்டர்கள் அந்த மூன்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், வேகமும் அதிகம். சுவரைக் கடக்கும் வலிமைதான் குறைவு. ஆகவே ரௌட்டர் இருக்கும் அறையிலும் அதை ஒட்டிய அறையிலும் 5 கிகாஹெர்ட்ஸையே பயன்படுத்தச் சொல்கிறேன். பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. யூஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்புகின்றன. இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இதை விளக்கியிருக்கிறது. ரௌட்டரை ஒட்டியோ மடிக்கணினியை ஒட்டியோ வெளிப்புற ஹார்ட் டிஸ்க் இருந்தால் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

வைஃபை எட்டாத அறைக்கு, சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் எக்ஸ்டெண்டர் வாங்குவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். ஒரே ரேடியோ உள்ள எக்ஸ்டெண்டர் ஒவ்வொரு தரவையும் ஒரு முறை வாங்கி மறுபடி ஒரு முறை அனுப்ப வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதிலும், சிக்னல் ஏற்கெனவே செத்துப்போன அறையிலேயே அதைக் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். அந்த அறை வரை ஒரு கேபிளை இழுத்து, முனையில் அதை வைஃபையாகப் பரப்பும் அக்சஸ் பாயிண்ட் என்ற கருவியை வைப்பதே என் அனுபவத்தில் நிலைத்து நிற்கும் தீர்வு.

ரௌட்டரின் பாதுகாப்பு அமைப்பையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. மிகப் பழைய வெப் (WEP) அல்லது டிகேஐபி (TKIP) என்ற குறியாக்க முறையில் அது இருந்தால், புதிய வைஃபை கருவிகளும் 54 மெகாபிட்டுக்குமேல் போக மாட்டா. அவற்றைவிடப் புதிய முறைகளான டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (WPA2 AES) அல்லது டபிள்யூபிஏ3க்கு (WPA3) மாற்றினால் வேகமும் கூடும், அயலார் நுழைவதும் தடுக்கப்படும்.

பதிவிறக்கம் மந்தமாவதற்குப் பதிவேற்றம் காரணமாக இருக்க முடியும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்குமேல் எதுவும் இறங்குவதில்லை. அதே நேரத்தில்தான் அவ்வீட்டு மகள் வேலை முடிந்து வந்து கைப்பேசியைச் சார்ஜில் போடுவார். அன்றைய வீடியோக்கள் முழுவதும் அப்போது கிளவுடுக்கு ஏறத் தொடங்கும். தரவு வந்து சேரச் சேர, 'கிடைத்தது' என்ற ஒப்புகையை நம் கணினி திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது தாமதித்தால் அனுப்பும் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலே போகும் பாதை குறுகலாக இருந்து, அது வீடியோக்களால் அடைபட்டுவிட்டால், அந்தச் சிறு ஒப்புகைகளும் வரிசையில் கடைசியில் போய் நிற்கின்றன. கிளவுட் சேமிப்பை இரவு இரண்டு மணிக்குமேல் நடக்குமாறு மாற்றியதும் அந்த வீட்டில் சிக்கல் மறைந்தது. எப்போதும் வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கும் பாதுகாப்புக் கேமராக்களும் இதே வேலையைச் செய்கின்றன. ரௌட்டரில் எஸ்க்யூஎம் (SQM) என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவான எண்ணை அதில் கொடுத்தால், வரிசையை அதுவே ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.

வேகத்தை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லும் செயலிகளை நிறுவ வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கைப்பேசிக்குள் இருக்கும் ஒரு செயலியால் சுவரையோ கேபிளையோ மாற்ற முடியாது; அவற்றில் பல, விளம்பரங்களையும் உளவு நிரல்களையும்தான் கொண்டுவருகின்றன. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை மாற்றினால் பக்கங்கள் திறக்கத் தொடங்கும் நேரம் சற்றுக் குறையலாம். பெரிய கோப்பு இறங்கும் வேகத்தில் பொதுவாக மாற்றம் இராது.

ஒரு தளத்திலிருந்து மட்டும் கோப்பு மெதுவாக இறங்கி, மற்றத் தளங்களிலிருந்து விரைவாக இறங்கினால், குறை எதிர்முனையில் இருக்கிறது. வீட்டில் எதையும் தொட வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும், கேபிளில் அளந்த எண் குறைவாகவே இருந்தால், அப்போது சேவை நிறுவனத்தை அழைப்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஃபைபர் இணைப்பாக இருந்தால் அந்த மெல்லிய கேபிள் எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கண்ணாடி இழை உடையாவிட்டாலும், மடிப்பில் ஒளி கசிந்து வெளியேறிவிடும். பிறகு ஒரு வாரத்துக்குக் காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் கேபிளில் சோதித்து, தேதி, நேரம், எண் மூன்றையும் குறித்து வையுங்கள். வெறுமனே "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொல்பவரிடம், "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். "கேபிளில் அளந்தேன், வேறு கருவி எதுவும் இணைப்பில் இல்லை, காலையில் 280 வருகிறது, இரவு ஒன்பது மணிக்கு ஏழு நாளும் 40க்குக் கீழே போகிறது" என்று குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவரிடம் அப்படிச் சொல்லித் தட்டிக்கழிப்பது கடினம். நெரிசல் தெருமுனைப் பெட்டியிலா, அதற்கும் மேலேயா என்று பார்க்க அவர்கள் ஆள் அனுப்பியே ஆக வேண்டியிருக்கும்.