பழசா என்று கேட்பதற்கு முன்: டோகோன் முகமூடிகள்

மரத்தாலான அரும்பொருள்களைப் பேணுவது என் தொழில். ஆப்பிரிக்க முகமூடி வாங்கியவர்கள் படம் அனுப்பி, "எத்தனை வருஷப் பழசு?" என்று கேட்பார்கள். மாலி நாட்டு டோகோன் மக்களின் மறிமான், முயல், கழுதைப்புலி, குரங்கு முகமூடிகள் அதில் அடிக்கடி வரும். பழமையை மட்டும் வைத்து இவற்றை எடைபோட முடியாது.

பண்டியகரா பாறைச்சரிவை ஒட்டி வாழும் இம்மக்கள், இறந்தவரை முன்னோர் உலகுக்கு வழியனுப்ப 'தமா' என்ற சடங்கு நடத்துவார்கள். 'அவா' என்ற முகமூடிக் குழுவின் ஆண்கள்தான் அதில் ஆடுவார்கள். செதுக்கிய மரம் ஒரு பங்கு. நார்த் தொப்பி, சாயமேற்றிய நார்ப் பாவாடை, மேளம், ஆட்டம் எல்லாம் சேர்ந்ததே முகமூடி. ஆடி முடித்தவற்றில் பல, பாறைக் குகைகளில் கிடந்து கறையானுக்கு இரையாகும். வேண்டும்போது புதிதாகச் செதுக்கிக்கொள்வார்கள். அதனால் நேற்றுச் செதுக்கியதும் அசலாக இருக்கலாம்.

'வாலு' என்ற மறிமான் முகமூடியை எடுத்துக்கொள்வோம். பெட்டி போன்ற முகம், மூக்கின் இருபுறமும் நெடுக்காகக் குடைந்த பள்ளங்கள், மேலே நீண்ட கொம்புகள். நான் முதலில் அதைத் திருப்பி உட்புறத்தைத்தான் பார்ப்பேன். ஆடிய முகமூடியில் நெற்றி படும் இடம் வியர்வை ஏறிக் கறுத்து, வழுவழுவென்று இருக்கும். விளிம்பில் நார் கட்டும் துளைகள் கயிறு உராய்ந்து மழுங்கியிருக்கும். ஆட்டத்துக்கு முன் மறுபடி வண்ணம் பூசும் வழக்கம் உண்டு. கறுப்பு, வெள்ளை, சிவப்பு அடுக்கடுக்காகத் தெரியும். சந்தைக்காகப் பழசாக்கியதில் புகைக்கரியும் சேறும் முன்பக்கம் அப்பியிருக்க, உள்ளே உளித்தடம் பளிச்சென்று தெரிவதுண்டு. உட்புறத்தையும் தேய்த்து ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள் என்பதால், ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஈரத்துணி, எண்ணெய், வார்னிஷ் எதுவும் வேண்டவே வேண்டாம். அந்த வண்ணம் துடைத்தால் கையோடு வந்துவிடும். பூச்சி அரித்த துளைகளிலிருந்து மாவு போல் தூள் உதிர்ந்தால், பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மற்ற மரச்சாமான்களிலிருந்து தள்ளிவைத்து, அரும்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

உண்மையிலேயே ஆடிய பழைய முகமூடி என்றால்தான் என் கவலை கூடுகிறது. அது ஊரைவிட்டு எப்படி வெளியேறியது? பண்பாட்டுச் சொத்துகளைக் காக்க மாலி 1985-இலேயே சட்டம் இயற்றியது. 1987-இல், பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக் கடத்தலைத் தடுப்பதற்கான யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கையிலும் சேர்ந்தது. 2012-க்குப் பின் வன்முறையால் அந்தப் பகுதியே நிலைகுலைந்து கிடக்கிறது. இந்த நிலையில் 'குகையில் கிடைத்தது' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், ஏற்றுமதி அனுமதியையும் முந்தைய உடைமையாளர் விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் வாங்காதீர்கள். வீட்டுச் சுவருக்கு ஒன்று வேண்டுமென்றால், விற்பனைக்கென்றே செதுக்கியது என்று நேர்மையாகச் சொல்லி விற்கும் புதிய முகமூடியை ரசீதோடு வாங்குங்கள்.