கிளாரெட் ஜக்கைத் தண்ணீரில் முக்காதீர்கள்

லண்டனில் என் பழுதுபார்ப்புப் பட்டறைக்கு வரும் விக்டோரியா காலத்து கிளாரெட் ஜக்குகளில், அதாவது வெள்ளிக் கழுத்து வைத்த கண்ணாடி ஒயின் ஜாடிகளில், பெரும்பாலானவற்றுக்கு ஒரே நோய்தான்: கழுத்து ஆடுகிறது. கண்ணாடியில் கீறல் இருக்காது, வெள்ளியும் நன்றாகவே இருக்கும். போயிருப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள பூச்சு.

கண்ணாடியின் மேல் வெள்ளியைப் பற்றவைக்க முடியாது. அதனால் வெள்ளிப் பட்டையைக் குடுவையின் கழுத்தில் மாட்டி, இடைவெளியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நிரப்பியிருப்பார்கள். அது நீரை உறிஞ்சும்; ஊற ஊற நொறுங்கும். போதாக்குறைக்கு, சூட்டில் வெள்ளி கண்ணாடியைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இரண்டு கேடும் ஒன்றாக நடக்கும்.

அலுமினியத் தாள், சமையல் சோடா, கொதிநீர் என்று வீடியோக்களில் காட்டும் வைத்தியம் வெள்ளிக் கரண்டிக்குச் சரி. ஜாடியை அப்படியே முக்கினால் பூச்சு போச்சு. கறுப்பு நீக்கும் அமிலத் திரவம் இன்னும் மோசம். பட்டைக்கு அடியில் புகுந்துவிட்டால் அலசி எடுக்க வழியே இல்லை.

நம்மவர்கள் சிலர் விபூதி, பற்பசை போட்டுத் தேய்க்கிறார்கள். அதில் வெள்ளியில் குத்தியிருக்கும் தர முத்திரைகள் மழுங்கும். நடக்கும் சிங்கம் என்றால் 92.5 சதவீத வெள்ளி, நங்கூரம் என்றால் பர்மிங்காமில் சோதித்தது, சிறுத்தைத் தலை என்றால் லண்டனில் சோதித்தது, கூடவே ஆண்டைச் சொல்லும் ஓர் எழுத்து. வாங்கும்போது மூடியிலும் பட்டையிலும் இவை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் வேறு ஜாடியின் மூடியாக இருக்கலாம். இந்த எழுத்து தேய்ந்தால் விலையும் தேயும்.

துடைக்க மெல்லிய பருத்தித் துணி போதும். உள்ளே கழுவ வேண்டுமென்றால், நீண்ட புனல் வைத்து வெதுவெதுப்பான நீரைக் கழுத்துக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள். பல ஜாடிகளில் அது மேலே பட்டையோடுதான் சேர்ந்திருக்கும். நிறைந்த ஜாடியின் எடை முழுவதும் அந்தப் பூச்சில் தொங்கும். இன்னொரு கையை அடியில் கொடுங்கள்.

அப்புறம், இவை பெரும்பாலும் ஈயக் கண்ணாடி. விருந்தன்று ஊற்றிப் பரிமாறலாம். மாதக்கணக்கில் மதுவை அதிலேயே வைத்தால் ஈயம் கரைந்து இறங்கும்.

பட்டை ஓரத்தில் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக நிரப்புவது எளிய வேலை. வீட்டிலேயே எபாக்சி பசை போட்டு ஒட்டிவிட்டால், அதைப் பிரிப்பதற்குள் கண்ணாடியில் விரிசல் விழும் அபாயம் உண்டு. கூலியும் அதற்கேற்ப ஏறும்.